கூடாரத்தைக் கிழித்தவன்

அந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏன் உதட்டைப் பிதுக்குகிறாய்? கனம்தான். கித்தான் கனமாகத்தான் இருக்கும். லேசான கூடாரம் வேண்டுமென்றால் மேலேயே வாடகைக்கு எடுத்திருக்கலாமே, இங்கே எதற்கு இறங்கி வந்தாய்?

தெரியும், தெரியும். நீ சொல்ல வேண்டாம். மேலே அந்த ஆளிடம் போய், கூடாரத்துக்குள் வைக்க ஹீட்டர் இருக்கிறதா, அடுப்பு இருக்கிறதா என்று கேட்டிருப்பாய். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, "கூடாரத்துக்குள்ள நெருப்பு குடுக்கிறதில்ல சார், வெந்நீர்ப் பை தர்றோம்" என்றிருப்பான். சரிதானே? பனி இறங்க ஆரம்பித்ததிலிருந்து இப்படி முகம் சுருங்கி வருகிற ஆட்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வெந்நீர்ப் பை! இடுப்புப் பிடித்துக்கொண்டால் ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் பை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உறைபனியில் படுக்கச் சொல்கிறான். அதையும் சார் என்று சொல்லிச் சொல்கிறான்.

உட்கார். காரில் இருக்கிற பெண்ணையும் வரச் சொல். வேண்டாமா? சரி, இருக்கட்டும். உன் சம்சாரமா? நான் ஒன்றும் கேட்கவில்லையப்பா. இரண்டு பேர் படுக்கிற கூடாரம், ராத்திரிக்குச் சூடு. எனக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

மேலே இருக்கிறவன் யார் தெரியுமா? என் மாப்பிள்ளை. தனபால் என்று பெயர். வத்தலக்குண்டுக்காரன். மார்கழி மாதத்திலும் மின்விசிறி போட்டுக்கொண்டு தூங்குகிற ஊர். அங்கே பிறந்தவன் இந்த மேல்மலைக்கு வந்து எனக்குக் குளிரைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். என் மகள் ஈஸ்வரியைக் கட்டினான். பூண்டு போட்டுக்கொண்டிருந்த என் மேட்டு நிலத்தில் கூடாரம் போட்டான். கடைசியில் என் பெண்டாட்டியையும் கொண்டுபோய் வைத்துக்கொண்டான். போன மார்கழியில் போனவள். இதோ அடுத்த மார்கழியும் வந்துவிட்டது.

பேச்சியம்மாள் என்று பெயர். அந்தச் சரிவுக்கு மேலே நீலமாக ஒரு கூடாரம் தெரிகிறதே, அதற்குப் பின்னால் இருக்கிற வீட்டில்தான் இருக்கிறாள். இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கும். நான் கூப்பிட மாட்டேன். நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? போனவள்தான் வர வேண்டும். அவள் வரவேண்டுமென்றால் நான் ஒன்று செய்ய வேண்டுமாம், அதைப் பிறகு சொல்கிறேன். கேட்டால் நீயே சிரிப்பாய்.

முதலில் கூடாரத்தைப் பார். எதற்கு வந்தாயோ அதைப் பார்.

நான் பள்ளிக்கூடம் போனது ரொம்பக் கொஞ்சம். ஆனால் தையல் என்றால் என்னைக் கேள். காய்கறி மண்டியில் மூட்டை வாய் தைத்தவன் நான். உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு, எது போனாலும் என் கோணூசி படாமல் மலையிலிருந்து இறங்கியது கிடையாது. லாரிக்காரர்கள் தார்ப்பாய் கிழிந்தால் என்னைத் தேடித்தான் வருவார்கள். அப்படிப்பட்ட என்னிடம், இந்த நேற்றுப் பையன், கூடாரம் போடப் போகிறேன் மாமா என்று சொன்னான். சரி, என்னிடம்தானே தைக்கக் கொடுப்பான் என்று நினைத்தேன். நினைப்பேனா மாட்டேனா? நீயே சொல். நிலம் என்னுடையது, மகள் என்னுடையவள், தையல் என்னுடைய தொழில்.

அவன் கோயம்புத்தூர் போனான். பள்ளிக்கூடப் பை அளவுக்கு ஒரு மூட்டையோடு வந்தான். பிரித்தான். குச்சி குச்சியாக மடங்குகிற கம்பி. பட்டுப் புடவை மாதிரி ஒரு துணி, அதற்கு மேலே இன்னொரு துணி. இரண்டு துணியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிறது. நடுவில் காற்று! உச்சியில் பார்த்தால் வலை வைத்து ஒரு ஓட்டை. நான் கேட்டேன், "ஏன் மாப்ளே, எலி கடிச்சதைத் தலையில கட்டிட்டானா கடைக்காரன்?"

"இல்ல மாமா. நாம மூச்சு விடுற ஈரம் அது வழியா வெளிய போகணும். இல்லேன்னா விடியிறப்ப உள்ளுக்குள்ளயே சொட்டும்."

"குளிரு?"

"குளிரு மேல இருந்து வர்றதவிட தரையிலேருந்துதான் மாமா அதிகமா ஏறும். கீழ நல்ல மெத்தை விரிச்சிட்டு, நல்ல தூக்கப் பையும் குடுத்துட்டா போதும்."

குளிர் தரையிலிருந்து ஏறுமாம். அறுபது வருஷமாக இந்தப் பனியில் நடக்கிறேன், எனக்குத் தெரியாத குளிர். ஈஸ்வரி பக்கத்தில் நின்றுகொண்டு தலையை ஆட்டுகிறாள். பேச்சியும் அந்தத் துணியைத் தடவிப் பார்த்து, "லேசா இருக்கே மாப்பிள்ளை, நானே தூக்கிருவேன்" என்கிறாள். அவளுக்கு எப்போதுமே மாப்பிள்ளை என்றால் வாயெல்லாம் பல்.

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். இறங்கி வந்தேன். இதோ நீ தூக்கிப் பார்த்தாயே, இந்தக் கூடாரத்தைத் தைக்க ஆரம்பித்தேன்.

தொட்டுப் பார். உள்ளே கித்தான். வெளியே லாரித் தார்ப்பாய். இரண்டையும் சேர்த்துத் தைத்து, தையல் ஓடின இடமெல்லாம் மெழுகு காய்ச்சி ஊற்றித் தேய்த்திருக்கிறேன். வாசல் மூன்று மடிப்பு. அடியில் ஒரு முழம் அகலத்துக்குத் துணி விட்டிருக்கிறேன், அதன் மேலே மண்ணை அள்ளிப் போட்டால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். காற்று நுழையட்டும் பார்க்கலாம். என் வாழ்நாளில் இப்படி ஒரு தையல் போட்டதில்லை.

சூட்டுக்கு, அதோ பார், கணப்புச் சட்டி. இரும்பு. மேல்மலையில் இது இல்லாத வீடு இருந்ததில்லை. சீகை மரத்துக் கரியை வெளியே வைத்து மூட்ட வேண்டும். புகை அத்தனையும் அடங்கி, கங்கு செக்கச்செவேல் என்று ஆன பிறகு, சாம்பலை மேலே தூவி உள்ளே கொண்டு போக வேண்டும். பொட்டுப் புகை இருக்காது. எங்கள் அப்பா காலத்திலிருந்து இதன் பக்கத்தில்தான் படுத்தோம். என்ன, பழைய வீட்டில் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே கை நுழைகிற மாதிரி இடைவெளி இருக்கும். சூடெல்லாம் அது வழியாகப் போய்விடும். கங்கு இருந்தும் முதுகு சில்லிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குறையைத்தான் நான் கூடாரத்தில் சரி செய்தேன். யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியது. ஒரு இடைவெளி கிடையாது.

கொண்டுபோய் அவனிடம் காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்தான். உள்ளே நுழைந்தான், வெளியே வந்தான். பாராட்ட வாயெடுக்கிறான் என்று நினைத்தேன்.

"தையல் அருமையா இருக்கு மாமா. ஆனா மேல ஒரு ஓட்டை விடணும். கீழயும் விடணும். விட்டாலும் உள்ள கரி வேண்டாம் மாமா. ஆபத்து."

ஓட்டை விட வேண்டுமாம்! ஊசி போன துளையைக்கூட மெழுகு வைத்து மூடித் தைத்ததில் போய் ஓட்டை போடு என்கிறான். உன் மாமனார் இப்படிக் கேட்டால் உனக்கு எப்படி இருக்கும்? சரி, உன் மாமனாரிடம் மாப்பிள்ளை கேட்டால். ஏதோ ஒன்று. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பேச்சியிடம் சொன்னேன்: "நாளைக்கு விடியல்ல உறைபனி நல்லா இறங்கும். அவங்க ரெண்டு பேரும் அவங்க பட்டுத் துணிக்குள்ள படுக்கட்டும். நாம நம்ம கூடாரத்துல படுப்போம். பொழுது கிளம்புறப்ப யார் நடுங்குறாங்கன்னு ஊரே பார்க்கட்டும்."

"எனக்கெதுக்கு இந்தப் போட்டி? வீட்ல வேலை கிடக்கு" என்றாள்.

"நீ வரலைன்னா நீயும் அவன் கட்சின்னு அர்த்தம்" என்றேன்.

வந்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கிழக்கு வெளுக்கிறதற்கு முன்னால் போய்ப் படுத்தோம். வெளியே புல்லெல்லாம் உப்புக் கொட்டினது மாதிரி கிடந்தது. உள்ளே கங்குச் சட்டி. தம்பி, என்ன சுகம் தெரியுமா! சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. பேச்சி முணுமுணுப்பை நிறுத்திவிட்டாள். எனக்குத்தான் கொஞ்ச நேரத்தில் தலையைக் கவ்விப் பிடித்தது. ராத்திரி தூக்கம் இல்லாதது. அதோடு ஒரு ஆசை, அவர்கள் அங்கே நடுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. எழுந்தேன். "நீ படு, நான் பார்த்துட்டு வர்றேன்" என்றேன். "ம்" என்றாள். சூடு வீணாகக் கூடாது இல்லையா? வாசலை மூன்று மடிப்பும் மடித்து, வெளிப்பக்கத்திலிருந்து கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் போனேன். அவளுக்காகத்தான் கட்டினேன். அதை எவனும் சொல்வதில்லை.

அவர்கள் கூடாரத்துக்கு முன்னால் போய் நின்றேன். வெளியே காற்று பட்டதும் தலைவலி கொஞ்சம் விட்டது. ஒரு பீடி பற்ற வைத்தேன். "என்ன மாப்ளே, பல்லு தந்தியடிக்குதா? சத்தம் இங்க வரைக்கும் கேக்குது" என்றேன்.

உள்ளேயிருந்து ஈஸ்வரி சிரிக்கிறாள். "நல்லாத்தான் இருக்குப்பா. நீங்க ஏன் வெளிய நிக்கிறீங்க? உள்ள இருக்க முடியலையா?"

எனக்கு ஏறிவிட்டது. "முடியலையா? வேர்க்குது தாயி! வேர்வையை ஆத்தத்தான் வந்தேன்" என்றேன். நன்றாக நின்று, மனசு தீரப் பேசினேன். வத்தலக்குண்டைப் பற்றி, அவன் அப்பனைப் பற்றி, அவன் கல்யாணத்துக்கு எனக்கு எடுத்துக்கொடுத்த சாயம் போன வேட்டியைப் பற்றி. பீடி முடிந்து இன்னொன்றும் பற்ற வைத்தேன். பேச்சு அவ்வளவு நன்றாக வந்தது அன்றைக்கு.

அப்போது ஈஸ்வரி கேட்டாள், "அம்மா எங்கப்பா?"

"உள்ள. ராணி மாதிரி தூங்குறா. ரெண்டு தடவை இங்கிருந்து கூப்பிட்டேன், பதிலே இல்ல. அவ்வளவு சுகம்."

உள்ளே யாரோ எழுந்து உட்காருகிற சத்தம். பிறகு அவன் குரல் மட்டும் வருகிறது. "மாமா, வாசல் திரை திறந்திருக்கா?"

"திறந்து வைக்கவா கூடாரம் தைச்சேன்? நல்லா இழுத்துக் கட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

இவ்வளவுதான் சொன்னேன். திரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தான். காலில் செருப்பு இல்லை. அந்த உறைபனியில் வெறுங்காலோடு என் கூடாரத்தைப் பார்த்து ஓடுகிறான். நான் கைகொட்டிச் சிரித்தேன். "பார்டி ஈஸ்வரி, குளிர் தாங்காம உன் புருஷன் நம்ம கூடாரத்துக்கு ஓடுறான் பார்!" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவளும் ஓடினாள்.

அவன் போய் "அத்தை, அத்தை" என்று கத்துகிறான். முடிச்சை இழுத்துப் பார்க்கிறான். நான் போட்ட முடிச்சு, அவன் கைக்கு அவிழுமா? பூண்டு அறுக்கிற கத்தி ஒன்று வேலியில் செருகியிருந்தது. எடுத்தான். உச்சியில் குத்தினான். அடிவரைக்கும் இழுத்தான்.

இதோ பார். இந்தத் தையல் மட்டும் நிறம் வேறாக இருக்கிறதே, இங்கேதான். கித்தான், தார்ப்பாய், மெழுகு, எல்லாம் சேர்த்துக் கிழித்தான். ஆட்டின் வயிற்றைக் கிழிக்கிற மாதிரி. கயிற்றை அவிழ்க்க ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா? நான் வந்துகொண்டுதானே இருந்தேன். எனக்கு மூட்டுவலி, அவன் மாதிரி ஓட முடியாது. "டேய், கிழிக்காதடா, டேய்!" என்று கத்திக்கொண்டேதான் வந்தேன்.

நான் வந்து சேர்வதற்குள் பேச்சியை வெளியே இழுத்துப் பனிப்புல்லில் கிடத்தியிருந்தான். நல்ல தூக்கத்தில் இருக்கிறவளை! முகம் எப்படி இருந்தது தெரியுமா? கன்னமெல்லாம் சிவந்து, பெண் பார்க்கப் போனபோது இருந்த மாதிரி. அவ்வளவு சூடு உள்ளே. அவன் அவள் கன்னத்தில் தட்டுகிறான், ஈஸ்வரி அம்மா அம்மா என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் சொன்னேன், "தூங்குறவள எழுப்பினா அப்படித்தான் இருக்கும், விடுங்க" என்று. யார் கேட்டார்கள்? பிறகு அவள் கண்ணைத் திறந்து வாந்தி எடுத்தாள். பின்னே? சூட்டிலிருந்து பனியில் தூக்கிப் போட்டால் யாருக்குத்தான் வாந்தி வராது?

காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கொடைக்கானல் போனான். நானும் ஏறினேன். வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அவமானம். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். ஒரு டாக்டரம்மா என்னைக் கட்டில் பக்கம் கூப்பிட்டு, புகை விஷம் ஏறிவிட்டது என்றது. "அம்மா, கரி நல்லாக் கங்கானப்புறம்தான் உள்ள வைப்பேன். அதுல புகையே கிடையாது" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாத புகைதான் பெரியவரே ஆளை அடிக்கும். வாசனையும் இருக்காது. தூக்கத்துலயே முடிச்சிரும்."

"கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அப்ப உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவன்கூட என்னைப் பார்த்தான். மாப்பிள்ளை அதற்குள்ளே போய் என்ன ஓதினானோ, டாக்டரம்மா அதையே ஒப்பித்தது.

அங்கிருந்து பேச்சியை நேராக மேலே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கம்பளியும் அவள் மாத்திரையும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஒன்று சொன்னால் இரண்டு சொல்கிறவள். அன்றைக்குக் குரலே எழவில்லை.

"உங்க குரல் கேட்டுச்சு" என்றாள். "அந்தாண்ட நின்னு நீங்க பேசிச் சிரிச்சதெல்லாம் எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. எந்திரிக்கணும்னு நினைக்கிறேன், கை கால் வரல. கூப்பிடணும்னு நினைக்கிறேன், வாய் வரல. நீங்க சிரிக்கிறீங்க."

"நான் என்ன கனாக் கண்டேனா? கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல" என்றேன்.

கம்பளியைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள், "அந்தச் சட்டியைக் கொண்டுபோய் ஓடையில போட்டுட்டு வாங்க. அன்னைக்கு வர்றேன்."

கேட்டாயா? இதுதான் அவள் கேட்பது. நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. எங்கள் அப்பா கைப்பட்ட இரும்புச் சட்டியை ஓடையில் போட வேண்டுமாம். போட்டால் என்ன அர்த்தம்? தப்பு என்னுடையது என்று அர்த்தம். வத்தலக்குண்டான் சொன்னது சரி என்று அர்த்தம். கூடாரத்தைக் கிழித்தவன் நல்லவன், தைத்தவன் கெட்டவன். எந்த ஊர் நியாயம் இது? ஊரில் அவனைத்தான் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். மாமியார் உயிரைக் காப்பாற்றினானாம். கிழிந்த தார்ப்பாயைப் பற்றி இதுவரை ஒருத்தன் என்னிடம் துக்கம் விசாரிக்கவில்லை.

ஏன் எழுந்துவிட்டாய்? இரு. சட்டியை வேண்டாம் என்கிறாயா? சரியாகப் போச்சு. சூடு வேண்டும் என்று நீதானே வந்தாய்! உன்னைப் பயமுறுத்தவா இவ்வளவும் சொன்னேன்? ஒன்றும் ஆகாது. என்னைப் பார். கிழித்த மறுவாரமே நான் இந்த வீட்டையும் கூடாரம் மாதிரி ஆக்கிவிட்டேன். அண்ணாந்து பார், சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியையெல்லாம் சாக்கும் சிமெண்டும் வைத்து அடைத்தாயிற்று. ஜன்னலுக்குத் தார்ப்பாய் அடித்தாயிற்று. தினமும் ராத்திரி கங்குச் சட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு? நீயே சொல், நான் என்ன செத்தா போனேன்? இதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் படுக்கிறேன்.

என்ன கேட்டாய்? சத்தமாகக் கேள், எனக்கு ஒரு காது மந்தம்.

கதவா? ராத்திரி கதவைச் சாத்துகிறேனா என்று கேட்கிறாயா? அது எதற்கு உனக்கு?

சாத்துவதில்லை. எப்படிச் சாத்துவது? அவளுக்கு எப்போது புத்தி வந்து இறங்கி வருவாள் என்று யார் கண்டது? முழங்கால் வலிக்காரி. அந்தச் சரிவில் இறங்கி வந்து, பனியில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பாளா? தட்டினாலும் எனக்குக் கேட்காது. அதனால் இரண்டு கதவையும் விரியத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். குளிர் உள்ளே வரத்தான் வருகிறது. வந்தால் வரட்டும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? டாக்டரம்மாவும் இப்படித்தான் பார்த்தது.

சரி, போ. உனக்கெல்லாம் வெந்நீர்ப் பைதான் லாயக்கு. அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மேலேயே போ. பட்டுத் துணிக்குள் படு, ஓட்டை வழியாக நட்சத்திரத்தை எண்ணு. எனக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை.

இந்தா, நில். மேலே ஒரு அம்மாள் இருப்பாள், காதோரம் நரைத்தவள், உனக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பாள். கீழே போனீங்களே, அவரு எப்படி இருக்காரு என்று கேட்டாலும் கேட்பாள். கேட்கமாட்டாள். ஒருவேளை கேட்டால் சொல்: உன் புருஷன் சந்து பொந்து எல்லாம் அடைத்துவிட்டு, கதவையும் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, அந்தச் சட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, சுகமாகத் தூங்குகிறான் என்று சொல்.

அப்படியே சொல். ஒரு வார்த்தை மாற்றாதே.